செங்காந்தளும் அரை மில்லிகிராமும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜவ்வாது மலைப் புதர்களின்மேல் செங்காந்தள் ஏறிப் பூக்கிறது. இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். ஆறு இதழ்களும் பின்பக்கமாக வளைந்து, விளிம்பு நெளிநெளியாக இருக்கும். பச்சையாக விரியும் பூ மஞ்சளாகி, கடைசியில் நன்றாகச் சிவக்கும். தமிழ்நாட்டின் மாநில மலர் இதுதான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களின் வரிசையும் இதில்தான் தொடங்குகிறது. உழவர்களிடம் கேட்டால் கண்வலிக்கிழங்கு என்பார்கள்.

மண்ணுக்குள் கலப்பைபோல வளைந்து கிடக்கும் கிழங்கிலும், அதைவிடக் கூடுதலாக விதையிலும் கோல்சிசின் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது. 1820இல் பெல்லத்தியே, கவாந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள், ஐரோப்பாவில் வளரும் கோல்சிகம் என்ற செடியிலிருந்து இதை முதலில் பிரித்தெடுத்தார்கள். சிங்கோனா பட்டையிலிருந்து மலேரியா மருந்தான குவினைனைப் பிரித்ததும் அதே ஆண்டில், அதே இருவர்தான். நம் செங்காந்தள் அந்த ஐரோப்பியச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது.

தாவரங்கள் உண்டாக்கும் நைட்ரஜன் கலந்த சேர்மங்களை ஆல்கலாய்டு என்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை காரத்தன்மை கொண்டவை. கோல்சிசின் அப்படியல்ல, அதன் ஒற்றை நைட்ரஜன் அணு அமைடு பிணைப்புக்குள் அடங்கிவிடுவதால் காரம் வெளிப்படுவதில்லை. ஆறு கார்பன் கொண்ட ஒரு வளையமும் ஏழு கார்பன் கொண்ட இரண்டு வளையங்களும் ஒட்டி நிற்கும் அமைப்பு அது. ஏழு கார்பன் வளையம் வேதியியலாளர்களை நெடுங்காலம் திணறடித்தது. 1945இல் மைக்கேல் டூவர்தான் அதைச் சரியாக ஊகித்தார். 1959இல் சூரிச்சில் எஷன்மோசர் குழு ஆய்வகத்திலேயே அந்த மூலக்கூறைக் கட்டி முடித்தது.

இது உடலுக்குள் என்ன செய்கிறது? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. குரோம் பதனிடல் பரவுவதற்கு முன்பு இங்கே ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்த நீரில் தோலைப் பதனிட்டார்கள். பட்டையின் டானின், தோலிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகளைப் பற்றிக்கொள்ளும். அதன்பின் தோல் எளிதில் அழுகாது. கோல்சிசினும் ஒரு புரதத்தைப் பற்றுகிற பொருள்தான். அது பற்றுவது செல்லுக்குள் இருக்கும் டியூபுலினை.

டியூபுலின் துண்டுகள் ஒன்றோடொன்று கோத்து நுண்குழல்களாக நீளும். செல் நகர்வதும் இரண்டாகப் பிரிவதும் அவற்றின் துணையால்தான். கோல்சிசின் ஒட்டிக்கொண்டால் கோப்பது நின்றுபோகும். கவுட் வாதத்தில், மூட்டில் படிந்த யூரிக் அமிலப் படிகங்களைத் தாக்க வெள்ளணுக்கள் திரண்டு வருவதால்தான் வீக்கமும் தாங்கமுடியாத வலியும் வருகின்றன. அந்தப் படையெடுப்பை இந்த மருந்து தணிக்கிறது. 2023 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு ஆபத்தைக் குறைக்க நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் கோல்சிசினை அனுமதித்தது. தசைப்பிடிப்புக்குத் தரும் தயோகோல்சிகோசைடும் இதே குடும்பத்து மருந்து.

செல் பிரிவதை நிறுத்தும் இந்த ஆற்றலைத் தாவர ஆய்வாளர்களும் பயன்படுத்திக்கொண்டார்கள். கோல்சிசின் பட்ட செடியின் செல்லில் குரோமோசோம்கள் இரட்டிப்பாகும். விதையில்லாத் தர்பூசணி பிறந்தது இந்த வழியில்தான்.

அதே ஆற்றல்தான் நஞ்சும். கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் இறந்திருக்கிறார்கள். வேகவைத்தாலும் விஷம் போகாது. சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகு வேகமாகப் பிரியும் செல்கள் அடிபடும்: எலும்பு மஜ்ஜை சோர்ந்து ரத்த அணுக்கள் குறையும், சிறுநீரகமும் இதயமும் தள்ளாடும். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரத்தில் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிரும். இலங்கையில் அப்படி முடி முழுவதும் உதிர்ந்த ஒருவரைப் பற்றிய கட்டுரை 1966இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. இந்திய மருந்துச் சட்டமும் செங்காந்தளை நச்சு மூலிகைகளின் அட்டவணையில் வைத்திருக்கிறது.

இவ்வளவு ஆபத்தான கொடியைத்தான் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் பயிராகவே வளர்க்கிறார்கள். பூவின் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் மடங்கி நிற்பதால் காய்ப்பிடிப்பு குறைவு. அதனால் காலை வேளையில் ஒவ்வொரு பூவாக மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தொட்டு வைக்கிறார்கள். சுமார் ஆறு மாதத்தில் அறுவடையாகும் விதை, மருந்து நிறுவனங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போகிறது. விலை நிலையாக இருப்பதில்லை. போட்டியும் வரலாம். செங்காந்தள் கோல்சிசினை உண்டாக்கும் படிகளை 2020இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்டறிந்து, அதன் முன்னோடிச் சேர்மத்தைப் புகையிலை இனச் செடி ஒன்றிலேயே உண்டாக்கிக் காட்டினார்கள். விதைக்கு நியாயமான விலையும், வயலில் கையுறை போன்ற பாதுகாப்பும் இந்த விவசாயிகளுக்குக் கிடைத்தாக வேண்டும்.

காட்டில் இதைக் கண்டால் பார்த்து மகிழுங்கள், கிழங்கைத் தோண்டாதீர்கள். நடவுக்காகத் தோண்டித் தோண்டியே காட்டுக் கொடிகள் குறைந்துவிட்டன. மூட்டுவலிக்கு நாட்டு மருந்து என்று யார் சொன்னாலும் வீட்டில் அரைத்துச் சாப்பிட வேண்டாம். கோல்சிசின் மாத்திரை எடுப்பவர்கள், குறிப்பாகச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், வேறு எந்த மருந்து தொடங்கினாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகள் உடலில் இதன் அளவை ஏற்றிவிடும். யாராவது கிழங்கைத் தின்றுவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் மிச்சக் கிழங்கையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.