உங்களுக்குத் தெரியுமா? – பூட்டிக்கொண்ட போன்

பேட்டர்ன் லாக்கில் இருப்பது ஒன்பதே புள்ளிகள். குறைந்தது நாலு புள்ளியையாவது தொட வேண்டும் என்ற விதிப்படி அதில் 3,89,112 கோலங்கள் போடலாம். நாலு இலக்க பின் நம்பருக்கு 10,000 வழிகள்தான். கணக்குப்படி பேட்டர்ன்தான் கெட்டி. ஆனால் நம் கை அவ்வளவு தூரம் அலைவதில்லை. நார்வே மாணவி மார்த்தே லோகே 2015-ல் சுமார் 4,000 பேட்டர்ன்களை ஆராய்ந்தார். அவற்றில் 44 சதவீதம் இடப்பக்க மேல் மூலையிலேயே தொடங்கின. ஏதாவது ஒரு மூலையில் தொடங்கியவை 77 சதவீதம். ஆகவே பேட்டர்ன் மறந்துபோனால் முதலில் போனைக் கீழே வையுங்கள். ஒரு தாளில் ஒன்பது புள்ளி வைத்து, மூலையிலிருந்து இழுத்துப் பாருங்கள். தாளில் எத்தனை முறை தப்பினாலும் நஷ்டமில்லை.

போனில் தப்பினால் நஷ்டம் உண்டு. ஐபோனில் தவறு கூடக் கூட ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், கால் மணி, ஒரு மணி என்று காத்திருப்பு நீளும். ஆஃப் செய்து ஆன் செய்தால் குறையும் என்று நினைக்க வேண்டாம், அந்தக் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். பத்துத் தவறுக்குப் பிறகு எல்லாவற்றையும் அழித்துவிடும் வசதியும் அதில் உண்டு. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதை ஆன் செய்யாதிருப்பதே புத்தி.

நேற்று மாற்றிய பாஸ்கோடு இன்று மறந்துவிட்டதா? ஐபோனில் ஐஓஎஸ் 17-லிருந்து, மாற்றிய 72 மணி நேரத்துக்குள் பழைய பாஸ்கோடைக் கொடுத்தே புதிதாக ஒன்றை வைத்துக்கொள்ளலாம். 2023-ல் வந்த வசதி. பலருக்குத் தெரியாது.

விரல் ரேகை இருக்க பின் நம்பர் எதற்கு என்பவர்களுக்கு: போன் முழுதாக அணைந்து மறுபடி எழுந்தால் முதல் தடவை ரேகை, முகம் எதுவும் செல்லாது, பின் நம்பரையே கேட்கும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்த பிறகு புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. சார்ஜ் தீர்ந்து கிடந்த போனை ஜெனரேட்டரில் போட்டு எழுப்பினால், அது முதலில் கேட்பது நாம் அதிகம் அழுத்தாத அந்த நம்பரைத்தான். வாரம் ஒருமுறையாவது ரேகையை விட்டுவிட்டு நம்பர் போட்டுத் திறந்து பழகுங்கள்.

சரி, எதுவும் ஞாபகம் வரவில்லை. வல்லத்திராக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிக் கடைக்குப் போனால் என்ன செய்வார்கள்? பெரும்பாலும் ஃபேக்டரி ரீசெட். ஆண்ட்ராய்டு போனில் பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தி ரெக்கவரி மெனுவுக்குப் போய்ச் செய்வது அது, வீட்டிலேயே செய்யலாம். போன் ஆனாகி நெட்டோடு இருந்தால் கூகுளின் ஃபைண்ட் ஹப் வழியாக இன்னொரு போனிலிருந்தும் செய்யலாம். எப்படிச் செய்தாலும் உள்ளே இருந்த படங்கள் போய்விடும். மெமரி கார்டு இருந்தால் முதலில் அதைக் கழற்றி வையுங்கள், பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

“ஒன்றும் அழியாமல் லாக்கை மட்டும் எடுத்துத் தருகிறேன்” என்று யாராவது சொன்னால்? மிகப் பழைய போனில் நடக்கலாம். ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களிலிருந்து உள்ளே இருக்கும் எல்லாமே குறியாக்கம் செய்யப்பட்டிருப்பது கட்டாயம். உங்கள் பின் நம்பர் இல்லாமல் அது விரியாது. அமெரிக்காவின் எஃப்பிஐயே இதில் தவித்திருக்கிறது. 2015 டிசம்பரில் சான் பெர்னார்டினோவில் துப்பாக்கிச்சூடு நடத்தியவரின் ஐபோன் 5சி அவர்கள் கையில் இருந்தும் திறக்க முடியவில்லை. ஆப்பிள் மீது கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த நிறுவனம் மறுத்தது. கடைசியில் 2016 மார்ச்சில் வெளியார் ஒருவர் உதவியால்தான் உள்ளே போனார்கள். முன்னூறு ரூபாய்க்கு அதைச் செய்வதாகச் சொல்பவரிடம் போனைக் கொடுக்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.

ரீசெட் ஆனதும் வேலை முடிந்தது என்று நினைப்போம். அங்கேதான் இரண்டாவது பூட்டு. ஆண்ட்ராய்டு 5.1 வந்த 2015-லிருந்து, இப்படி அழிக்கப்பட்ட போன் முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். கடைக்காரர்கள் ‘எஃப்ஆர்பி லாக்’ என்பது இதைத்தான். திருடியவனுக்குப் போன் பயன்படக் கூடாது என்று வைத்த ஏற்பாடு, சமயத்தில் சொந்தக்காரரையே வாசலில் நிறுத்துகிறது. நம் பக்கத்தில் இது எங்கே இடிக்கிறது என்றால், மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து அம்மாவுக்குக் கொடுத்த போனில். ஜிமெயில் மகனுடையது, பாஸ்வேர்டு மகனுக்கே மறந்திருக்கும். அம்மா பெயரில் கணக்குத் தொடங்கி, தன் கணக்கை எடுத்துவிட்டுக் கொடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. பாஸ்வேர்டை மீட்க வேண்டியிருந்தால், அந்தக் கணக்கை வழக்கமாகத் திறக்கும் இடத்திலிருந்தே, பழகிய கருவியிலேயே முயலச் சொல்கிறது கூகுள். ரீசெட்டுக்கு முன்பே பாஸ்வேர்டை மாற்றினால், 24 மணி நேரம் பொறுத்து ரீசெட் செய்யுங்கள்.

சிம் கார்டுக்கும் தனிப் பூட்டு உண்டு. அதன் பின் நம்பரை மூன்று முறை தப்பாகப் போட்டால் எட்டு இலக்க ‘பக்’ எண் கேட்கும். அதையும் பத்து முறை தப்பினால் சிம் செத்தது. இங்கே மட்டும் ஊகமே கூடாது. கஸ்டமர் கேரில் கேட்டு வாங்குங்கள்.

பாஸ்கோடைச் சொல் என்று போலீஸ் கட்டாயப்படுத்தலாமா? 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம், அதைக் கொடுப்பது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்றது. 2022-ல் டெல்லி சிபிஐ சிறப்பு நீதிமன்றம், கட்டாயப்படுத்த முடியாது என்றது.

பூட்டிய போனிலும் 112-க்குப் பேசலாம். நம்பர் மறந்த பதற்றத்தில் இது மறந்துவிடக் கூடாது.

லாக் ஆன செகண்ட் ஹேண்ட் போன் மலிவாக வந்தால் வாங்காதீர்கள். அது யாரிடமிருந்தோ பறிபோனதாக இருக்கலாம். தொலைந்த போனை முடக்க மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளம் 2023 மே மாதத்திலிருந்து இருக்கிறது. அதற்கு 15 இலக்க ஐஎம்இஐ எண் வேண்டும். டயல் திரையில் *#06# அழுத்தினால் தெரியும், போன் வாங்கிய பெட்டியிலும் இருக்கும். பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

போன் திறந்திருக்கும் இப்போதே இரண்டு காரியம் செய்துவிடுங்கள். படங்களுக்கும் வாட்ஸ்அப்புக்கும் பேக்கப் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஜிமெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள். போன் கவருக்குள் செருகி வைக்க வேண்டாம்.