பூமரங்களைத் தேர்ந்து நடுதல்

பூவிருந்தவல்லி என்னும் பெயரே வழக்கில் பூந்தமல்லி ஆயிற்று என்பர். காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு நாள்தோறும் மலர் கொண்டுசென்று சமர்ப்பித்ததாகப் போற்றப்படும் திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊரும் இதுவே. இங்கும் சுற்றுக் கிராமங்களிலும் சாலையோரத்திலும் பள்ளி வளாகத்திலும் வீட்டு முற்றத்திலும் பூமரம் வைக்க ஜனங்கள் விரும்புவது இயல்பே. ஆயினும் பூவின் நிறத்தை மட்டும் கருதி மரத்தைத் தேர்ந்தெடுத்தல் போதாது. அதன் வேர், கிளை, விதை ஆகியவற்றின் தன்மையையும் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

நம் சாலைகளில் காணும் அழகு மரங்களிற் பல அன்னிய தேசத்தவை. தாவரவியல் தோட்டங்களும், 1835-ல் சென்னையில் ஏற்பட்ட விவசாயத் தோட்டக்கலைச் சங்கம் போன்றவையும் அத்தகைய மரங்களை வளர்த்துப் பரப்பின. மேப்ளவர் என்று சொல்லப்படும் குல்மொஹர் மடகாஸ்கர் தீவுக்கு உரியது. போஜர் என்னும் தாவர சாஸ்திரி அதை அங்கே கண்டறிந்தார். நாகலிங்க மரமோ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது.

இவை யாவும் தீயவை அல்ல. எனினும் குல்மொஹரின் வேர் ஆழச் செல்லாமல் மேலாகப் படர்வது. கிளை எளிதில் முறிவது. 2016-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையையும் சுற்றுப்புறத்தையும் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. குல்மொஹரும் இயல்வாகையும் அவற்றுள் மிகுதி. ஆகவே இவற்றை வீட்டிற்கும் மின்கம்பிக்கும் அருகில் நடாமல், திறந்த வெளியில் நடுதலே தகும்.

தோட்டத்திலிருந்து தப்பிக் காட்டிற் புகும் செடிகளாலும் கேடு உண்டு. அழகுக்காகக் கொணர்ந்த உண்ணிச்செடி இன்று தேசமெங்கும் புதராய் மண்டியுள்ளது. அவ்வாறே அன்னிய மஞ்சள் கொன்றை முதுமலைக் காட்டிற் பரவி, யானை, மான் முதலியன மேயும் புல்லையும் செடியையும் நெருக்குகிறது. இதை நம் சரக்கொன்றை என எண்ணி நட்டுவிடலாகாது. சரக்கொன்றையின் பூங்கொத்து சரமாகத் தொங்கும். மற்றதன் கொத்து கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும்.

நம் நாட்டு மரங்களில் அழகுக்குக் குறைவில்லை. சரக்கொன்றை சித்திரை, வைகாசியில் பொன்னிறமாய்ப் பூக்கும். பூமருது ஊதா நிறப் பூவுடையது. ஈரமான நிலத்தை விரும்பும். புன்னை கடற்காற்றையும் தாங்கும். மகிழம் மெதுவாக வளரினும் நிழலும் மணமும் தரும். பூவரசைப் பெரிய போத்து நட்டு வளர்ப்பது வழக்கம். ஆனால் அதற்கு ஆணிவேர் இராது, உள்வயிரமும் உளுத்துப்போகக் கூடும். விதையிலிருந்து வளர்த்த கன்றே உறுதியானது.

சரக்கொன்றை விதையின் தோல் கடினமானது. கரடான கல்லில் சற்றே தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து விதைத்தால் நன்கு முளைக்கும். ஆடி, ஆவணியில் நட்டால் ஐப்பசி மழைக்கு முன் கன்று வேர் பிடிக்கும். குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடி இருக்கட்டும். மேல்மண்ணுடன் மக்கிய எருவைக் கலந்து நிரப்புக. தொட்டியிலோ பையிலோ வேர் சுருண்ட கன்றை வாங்கலாகாது. வாங்கினும் சுருளைப் பிரித்தே நடுக. அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசுவதும், கால்வாய்க்காக ஒருபுறத்து வேரை வெட்டுவதும் மரத்தைப் புயலுக்குப் பலியிடுவதாகும்.

சிறிய முற்றத்திற்கு நந்தியாவட்டை, வெட்சி, செம்பருத்தி ஆகிய செடிகள் ஏற்றவை. அரளியை ஆடுமாடு தீண்டாததால் வேலிக்கு வைப்பர். ஆனால் அதன் எல்லாப் பாகமும் விஷமாதலால், வெட்டிய கழிகளையும் தழைகளையும் தீவனத்துடன் கலவாமல் அப்புறப்படுத்துக.

நடுகிற மரம் நட்டவர் காலத்திற்குப் பின்னும் நிற்க வேண்டியது. ஆகையால் பூவைப் பார்க்குமுன் வேரைப் பார்ப்பதே விவேகம்.