தழும்பருகே தோன்றும் அக்கி

அறுவைச் சிகிச்சை முடிந்து தையல் பிரித்த சில நாட்களில், அவ்விடத்தையொட்டி எரிச்சலும் பின்னர் நீர்க்கொப்புளங்களும் தோன்றுமாயின், புண்ணில் சீழ் பிடித்துவிட்டது என்றோ ஊசி சுத்தமாக இல்லை என்றோ கருதுவது இயல்பு. சில சமயம் அது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் கொப்புளங்கள் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டைபோற் படர்ந்து, நடுக்கோட்டைத் தாண்டாது நிற்குமாயின், அது பெரும்பாலும் அக்கியே.

அக்கியின் வைரஸ் அப்போது வெளியிலிருந்து வந்ததன்று. முன்னர்க் கண்ட சின்னம்மையின் வைரஸே, அம்மை இறங்கிய பின்னும் தண்டுவடத்தை அடுத்த நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடக்கிறது. ஹெட், காம்ப்பெல் என்னும் இருவர் அக்கி கண்டு மாண்டோரின் நரம்பு முடிச்சுகளை ஆராய்ந்து, கொப்புளப் பட்டை ஒவ்வொன்றும் ஒரு முடிச்சுக்கு உட்பட்ட தோற்பகுதியே என்று 1900இல் காட்டினர். இரு நோய்க்கும் வைரஸ் ஒன்றே என்பதை 1950களில் தாமஸ் வெல்லர் நிறுவினார்.

காயம்பட்ட இடத்திலேயே அது விழிப்பதேன்? அண்மையில் அடிபட்டவர்களுக்கு, அடிபட்ட பகுதியிலேயே அக்கி காணும் வாய்ப்பு மிகுதி என்று 2004இல் வெளியான லண்டன் ஆய்வொன்று கண்டது. கத்தியோ ஊசியோ நரம்பைச் சீண்டுவது முடிச்சிலுள்ள வைரஸைத் தூண்டுகிறது என எண்ணுகின்றனர். சிகிச்சைக்குப்பின் உடலின் எதிர்ப்பாற்றல் தளர்வதும் அதற்குத் துணையாகலாம்.

நிக்கோபார்த் தீவுகளின் நடுவே உள்ள கட்சாலில் இவ்வேறுபாட்டை அறிவது மிகவும் அவசியம். 1970களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் இங்கு ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. பெரிய அறுவைச் சிகிச்சைக்கு ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அதாவது முன்னாளைய போர்ட் பிளேருக்கு, கடல் கடக்க வேண்டும். ஊர் திரும்பிய பிறகு கொப்புளம் தோன்றினால், சிகிச்சை செய்த ஆஸ்பத்திரியையே நாடி அடுத்த கப்பலுக்குக் காத்திருப்பது தவறு. அசைக்ளோவிர் மருந்தைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்திற்குள் தொடங்குவதே சிறந்தது. ஆகவே தீவிலுள்ள மருத்துவரிடமே உடனே காட்ட வேண்டும். அண்மையில் சிகிச்சை பெற்றதையும் அவரிடம் சொல்ல வேண்டும். கண்ணருகே தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் குயவரிடம் சென்று காவிக் குழம்பால் அக்கி எழுதிக்கொள்வதுண்டு. கொப்புளங்கள் சில வாரங்களில் தாமே உலர்வதால், எழுத்தே குணமாக்கியது போலத் தோன்றும். அதற்குள் அந்த மூன்று நாட்கள் கழிந்துவிடுகின்றன. முதியோர்க்கு நரம்பு வலி மாதக்கணக்கில் நீடிப்பதுமுண்டு.

கொப்புள நீரில் வைரஸ் உண்டு. வெப்ப நாடுகளில் சின்னம்மை காணாமலே வளர்ந்த பெரியோர் பலர். அவர்களுக்கு அந்நீரால் அம்மை தொற்றலாம். கொப்புளங்கள் பொருக்கு கட்டும் வரை அவ்விடத்தைத் துணியால் மூடி, கருவுற்ற பெண்களையும் கைக்குழந்தைகளையும் விலக்கி வைத்தல் வேண்டும்.