செல்ப் சுத்துது... கார் கிளம்பல! குற்றவாளி யார்?
ஷெட்டில் தூங்கிய அம்பாசிடரை எழுப்புவது எப்படி?

கடையநல்லூர்–

சாவியைத் திருகினால் "கர்ர்... கர்ர்..." என்று செல்ப் சுற்றுகிறது. என்ஜின் மட்டும் வாய் திறக்க மாட்டேன் என்கிறது. நாலு பேர் சேர்ந்து தெருமுனை வரை தள்ளியும் பலன் பூஜ்யம். அதற்குள் ஆளுக்கு ஒரு யோசனை. "பிளக்கை மாத்து!" "பேட்டரி அவுட்டு!" "கார்புரேட்டரைக் கழட்டிடுவோம்!"

பழைய அம்பாசிடர், பியட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிது அல்ல. ஆனால் கடையநல்லூரில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்கள் நிறைந்த ஊர் இது. மகன் துபாயிலோ சவூதியிலோ இருப்பார். அத்தா காலத்துக் கார் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஷெட்டில் ஒரு வருஷம், இரண்டு வருஷம் தூங்கும். லீவில் வந்து இறங்கியதும் முதல் வேலை, "அத்தா வண்டியை எடுங்கப்பா!" என்பதுதான். அங்கேதான் வம்பு ஆரம்பம்.

அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் மேற்கு வங்காளம் உத்தர்பாராவில் நின்றுவிட்டது. பத்மினி அதற்குப் பல வருஷம் முன்பே போய்விட்டது. புது வண்டி வராது. இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு. (இங்கே சொல்வதெல்லாம் கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் வண்டிக்கு. டீசல் அம்பாசிடர் கதை வேறு.)

கரண்டா? பெட்ரோலா?

போலீசார் துப்பு துலக்குவது மாதிரிதான் இதுவும். முதலில் சந்தேகத்தைப் பிரிக்க வேண்டும்.

செல்பை சுற்றிப் பார்த்த பிறகு ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். நுனி காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்து நாறினால் பெட்ரோல் வந்திருக்கிறது. கரண்டு இல்லை, அல்லது சோக்கை இழுத்து இழுத்து ஓவர்புளோ ஆக்கிவிட்டார்கள். ஓவர்புளோ என்றால் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தபடி செல்ப் அடித்தால் பல தடவை தானே கிளம்பிவிடும்.

கரண்டு பக்கம் பெரிதாக ஒன்றும் இல்லை. மழைக்காலம் முழுக்க சும்மா நின்ற வண்டியில் பாயிண்ட் பூத்துப்போயிருக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் வைத்தால் போதும். எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பார்க்கவும். ஏர் கிளீனரையும் திறந்து பாருங்கள். எலிக்கு அது பங்களா!

பெட்ரோல் எங்கே மறைந்தது?

பிளக் காய்ந்திருந்தால் விசாரணை கார்புரேட்டரில் தொடங்க வேண்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகி, அடியில் பிசின் மாதிரி கசடு படியும். மிதவைக்கு மேலே இருக்கும் ஊசி அதில் ஒட்டிக்கொண்டால் உள்ளே சொட்டுக்கூட இறங்காது. திருப்புளியின் கட்டைப் பிடியால் மெல்லத் தட்டினாலே சில நேரம் ஊசி விடுபடும். சம்மட்டியால் அல்ல, மெல்ல!

அடுத்த ஆள் பெட்ரோல் பம்ப். என்ஜின் பக்கவாட்டில் சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கும். கேம் ஷாப்ட் இடிக்க இடிக்க உள்ளே ஒரு டயாபிரம் மேலும் கீழும் போய், பின்னாலிருக்கும் டாங்கியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக் கொண்டுவரும். சோதிப்பது சுலபம். காயில் வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ஓசை ஒரு பாட்டிலில் விட்டு செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். விட்டு விட்டுப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் பம்ப் நிரபராதி.

பாட்டிலை அப்படியே கொஞ்ச நேரம் வையுங்கள். அடியில் தனியாக ஒரு கோடு தெரிந்தால் டாங்கியில் தண்ணீர்!

பீய்ச்சவில்லையா? உடனே பம்பைத் திட்ட வேண்டாம். டாங்கி மூடியைத் திறங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. கிளம்பி நாலு மைல் ஓடி நிற்கும் வண்டிகளில் பல இந்த ரகம். அதேபோல, ஓசில் ஊசி முனை அளவு கீறல் போதும். பெட்ரோல் வெளியே சொட்டாது. பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும்.

இன்னொரு தடயம் ஆயில் கம்பியில் இருக்கிறது. கம்பியை உருவி முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்து பெட்ரோல் வாடை அடித்தால் டயாபிரம் கிழிந்து பெட்ரோல் என்ஜின் அடிக்குள் இறங்குகிறது. அப்படியே ஓட்டினால் பேரிங் போகும். செலவு ஆயிரங்களில்!

புதுச் சந்தேகம்

ரப்பருக்கு இப்போது வயசு மட்டும் பகை அல்ல. 2022 ஜூனில் நாட்டில் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. 2025-ல் அது 20 சதவீதம் ஆனது. எத்தனால் என்பது சாராய வகை. பழைய ரப்பரை ஊறவைத்து மெத்தென்று ஆக்கும், வெடிக்க வைக்கும். காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டாங்கியின் அடியில் தங்கும். உறிஞ்சு குழாய் இருப்பதும் அங்கேதான்!

பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் சீக்கிரம் மாற்ற வேண்டி வரலாம், செலவு குறைவுதான் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. எத்தனால் இல்லாத பெட்ரோலும் விற்கவேண்டும் என்ற பொதுநல மனுவை அடுத்த மாதமே சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. செலவு குறைவு என்பது சரிதான். ஆனால் மாற்ற வேண்டும் என்பதை பங்க்கில் யார் நமக்குச் சொல்கிறார்கள்? சூடான என்ஜின் மேலே ஓஸ் வெடித்துச் சொட்டும்போதுதான் தெரிகிறது. பழைய ஓஸ், டயாபிரம், வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக ஒரே தடவையில் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். சாதாரண பிளாஸ்டிக் குழாய் வேண்டவே வேண்டாம்.

உயிரோடு விளையாட்டு

வண்டி கிளம்பவில்லை என்றதும் கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றி செல்ப் அடிக்கிறார்களே, இதைவிட ஆபத்து இல்லை. என்ஜின் ஒரு தும்மல் தும்மினால் தீ மேலே வரும். ஊற்றியவர் கையில் பெட்ரோல் பாட்டில்! பானெட்டுக்குள் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு ஓட்டுவதும் இதே ஜாதி. பெட்ரோல் ஆவி காற்றைவிட கனம். மூடிய ஷெட்டில் தரையோடு பரவி நிற்கும். கதவைத் திறந்துவைத்து, பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்துக்கொண்டு வேலை பாருங்கள். பீடிக்கு அங்கே வேலை இல்லை.

ஓசை வாயில் வைத்து உறிஞ்சுவதும் கூடாது. பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் மனிதர் பிழைப்பதே கஷ்டம். தவறி விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிதான்.

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் சித்திரை வெயிலில் வண்டி நின்றால் அது ரிப்பேரே அல்ல. சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொண்டது. பம்ப் மேல் ஈரத்துணி போட்டு, டீ குடித்துவிட்டு வந்தால் கிளம்பும்.

விமானம் ஏறும் முன்...

நீண்ட நாள் வெளிநாடு போகிறவர்கள் டாங்கியைக் காலி செய்யச் சொல்லுங்கள். என்ஜினை ஓடவிட்டு, கார்புரேட்டரிலுள்ள பெட்ரோல் தீர்ந்து அது தானே நிற்கட்டும். பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். திரும்பி வந்ததும் அவசரம் வேண்டாம். புதுப் பெட்ரோல் ஊற்றி, பத்து வினாடி செல்ப், அரை நிமிஷம் ஓய்வு என்று நாலைந்து முறை அடியுங்கள். காலியான கிண்ணத்தைப் பம்ப் நிரப்பவே அவ்வளவு நேரம் பிடிக்கும். அதற்குள் தள்ளுவதற்கு ஆள் கூப்பிட வேண்டியதில்லை.