சீம்பால் யாருக்கு உரியது?

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்களில் ஆலைகளின் அருகே மாடு கன்றுகளும் வளர்கின்றன. அங்குள்ள பசுவுக்கும், அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தைக்கு வரும் பெண்குதிரைக்கும் பேறுகாலப் பராமரிப்பில் அடிப்படை ஒன்றே: சீம்பால்.

பெண்குதிரை ஏறத்தாழ 11 மாதம் சுமந்து, பெரும்பாலும் இரவிலேயே ஈனும். குட்டி 1 மணி நேரத்தில் எழுந்து நிற்கவும், 2 மணி நேரத்தில் பால் பருகவும் வேண்டும். நஞ்சுக்கொடி 3 மணி நேரத்திற்குள் விழ வேண்டும். தவறினால் கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள்.

குதிரைக்குட்டியும் கன்றும் நோய் எதிர்ப்புச் சத்தைக் கருவறையில் பெறுவதில்லை, சீம்பாலிலேயே பெறுகின்றன. 24 மணி நேரம் கடந்தால் குடல் அதனை ஏற்காது. பசுவின் சீம்பாலைக் காய்ச்சி அண்டை வீட்டாருடன் பகிரும் வழக்கம் அன்பானதே. ஆயினும் கன்று வயிறார உண்டபின் எஞ்சியதே நம் பங்கு. வாய் பேசா உயிரின் உரிமையைக் காப்பதும் படைத்த இறைவனுக்கு நாம் செலுத்தும் நன்றியன்றோ!