சாந்தினி சௌக்: விரட்டப்பட்ட ரிக்ஷாவுக்கே திரும்பிய வீதி

மத்திய செயலகம் நிலையத்தில் மெட்ரோ ரயில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் சாந்தினி சௌக். நாடாளுமன்றம் அமளியில் ஒத்திவைக்கப்படும் பிற்பகல்களில் இந்தப் பக்கம் வந்துபோவது இச்செய்தியாளரின் வழக்கம். அவையில் நிறைவேறும் சட்டங்கள் தெருவுக்கு வந்தபின் என்ன ஆகின்றன என்பதை அறிய, தலைநகரில் இதைவிட நெருக்கமான இடம் வேறில்லை.

முகலாயப் பேரரசர் ஷாஜஹானின் மகள் ஜஹானாரா பேகம் 1650-ஆம் ஆண்டில் அமைத்த கடைவீதி இது. அன்று வீதியின் நடுவே கால்வாய் ஓடியது. நாற்சந்தியில் இருந்த குளத்து நீரில் நிலவு பட்டு ஒளிர்ந்ததால் இப்பெயர் வந்தது என்பர். பின்னர் 1908-இல் டிராம் வந்தது. 1960-களின் தொடக்கத்தில் போனது. அதன் பிறகு பேருந்து, கார், ஸ்கூட்டர், ஆட்டோ, கைவண்டி, மாட்டுவண்டி, சைக்கிள் ரிக்ஷா என எல்லாம் ஒரே சாலையில் முட்டி மோதின. 2005 ஜூலையில் பூமிக்கடியில் மெட்ரோ ஓடத் தொடங்கியபோது நெரிசல் குறையும் என்று எதிர்பார்த்தனர். ஆனால், மெட்ரோவில் வந்து இறங்கிய கூட்டம் மேலே ஏறி வந்து ரிக்ஷாவைத்தான் தேடியது. நிலையத்திலிருந்து கடைக்கும், கடையிலிருந்து சந்துக்குள் உள்ள கிடங்குக்கும் செல்ல வேறு என்ன வழி இருக்கிறது?

இந்த நிலையில்தான் 2006-இல் தில்லி உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து, சாந்தினி சௌக் முதன்மைச் சாலையிலிருந்து சைக்கிள் ரிக்ஷாக்கள் அகற்றப்பட்டன. நெரிசலுக்குக் காரணம் மெதுவாகச் செல்லும் வண்டிகளே என்பது வாதம். சாலையோரத்தில் மணிக்கணக்கில் நின்ற கார்கள் மீது அந்தப் பழி விழவில்லை. அப்போது மாநகராட்சியின் தலைமை அலுவலகம் இதே வீதியில் உள்ள டவுன் ஹாலில்தான் இயங்கி வந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். ரிக்ஷாவைத் தடுத்த நிர்வாகத்தின் சன்னல்களுக்குக் கீழேதான் ரிக்ஷா ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைய விதிகளும் விசித்திரமானவை. தில்லி முழுமைக்கும் 99,000 ரிக்ஷாக்களுக்கு மேல் உரிமம் கிடையாது. வண்டியின் உரிமையாளரே அதை ஓட்ட வேண்டும். வாடகைக்கு விடக் கூடாது. நடைமுறையிலோ, ஊரிலிருந்து கையில் காசின்றி வந்து இறங்குபவருக்குச் சொந்த வண்டி ஏது? வண்டிக் கொட்டகை வைத்திருப்பவரிடம் அன்றாட வாடகைக்கு எடுத்துத்தான் ஓட்டினார். ஆகவே, பெரும்பாலான வண்டிகள் விதிமீறலாகவே கருதப்பட்டன. பிடிபட்ட வண்டியைப் பறிமுதல் செய்து நொறுக்கவும் மாநகராட்சிக்கு அதிகாரம் இருந்தது. இதை எதிர்த்து 'மானுஷி' அமைப்பு வழக்குத் தொடுத்தது.

2010 பிப்ரவரியில் தலைமை நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. 99,000 என்ற உச்சவரம்பு செல்லாது. உரிமையாளரே ஓட்ட வேண்டும் என்ற விதியும் செல்லாது. கார்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாத நகரில் ரிக்ஷாவுக்கு மட்டும் வரம்பு ஏன் என்பதே வழக்கின் அடிப்படைக் கேள்வி. மோட்டார் அல்லாத வண்டிகளுக்குச் சாலையில் உரிய இடம் ஒதுக்குவது பற்றி ஆராயச் சிறப்புப் பணிக்குழு அமைக்கவும் நீதிமன்றம் கூறியது.

காட்சி தலைகீழாக மாறியது அதற்குப் பின்னர்தான். செங்கோட்டை முனையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரையிலான சுமார் 1.3 கி.மீ. நீளச் சாலையைச் சீரமைக்கும் பணி 2018 டிசம்பரில் தொடங்கியது. சிவப்புக் கல் பதித்த நடைபாதைகள், இருக்கைகள், வண்டிகளைத் தடுக்கும் குறுந்தூண்கள் அமைக்கப்பட்டு 2021 செப்டம்பர் 12-ஆம் தேதி சாலை திறந்துவைக்கப்பட்டது. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை என அறிவிக்கப்பட்டது. நடப்பவர்களுக்கும், 15 ஆண்டுகளுக்கு முன் விரட்டப்பட்ட அதே சைக்கிள் ரிக்ஷாவுக்கும் பகலில் சாலை கிடைத்தது.

பாட்டரியில் ஓடும் இ-ரிக்ஷாவின் கதை வேறு. 2014 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2015 மார்ச்சில் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஓட்டுநர் உரிமம் பெறுவதிலும் சலுகை தரப்பட்டது. அவையில் பெரிய எதிர்ப்பின்றி நிறைவேறிய மசோதாக்களில் அதுவும் ஒன்று. ஆனால், சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனமாகிவிட்டதால், சாந்தினி சௌக்கின் பகல்நேரத் தடை அதற்கும் பொருந்துகிறது. விளைவு, வீதியின் நடுவே கிடைத்த விசாலம், இரு முனைகளிலும் நெரிசலாகக் குவிந்தது. பயணியை இறக்கிவிட்டு அங்கேயே அடுத்த சவாரிக்குக் காத்திருக்கும் வண்டிகளுக்கு ஒதுக்குப்புறமாக ஓர் இடம் தேவை என்பது திட்டத்தில் போதிய கவனம் பெறவில்லை.

வணிகர்களின் மனக்குறையையும் புறந்தள்ள முடியாது. சுமை வண்டிகள் இரவு 9 மணிக்குப் பிறகே வர முடியும் என்பதால், மொத்த வியாபாரிகள் சரக்கு ஏற்றி இறக்க இரவெல்லாம் ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. காரில் வந்து கல்யாணப் புடவை வாங்கிச் செல்லும் வாடிக்கையாளர் வேறு கடைவீதியை நாடுகிறார் என்கின்றனர். சந்துகளுக்குள் குடியிருக்கும் முதியோருக்கு வீட்டு வாசல்வரை வண்டி வேண்டும். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு என்றாலும், முதன்மைச் சாலை அகலமாகிவிட்டதால் சந்து அகலமாகிவிடவில்லை. 2022 நவம்பரில் பாகீரத் பேலஸ் மின்சாதனச் சந்தையில் பிடித்த தீயை முழுவதுமாக அணைக்கச் சில நாள்கள் ஆயின.

இவற்றை எடுத்துச் சொல்ல வணிகர்களுக்கு ஆள் இருக்கிறது. இத்தொகுதியின் மக்களவை உறுப்பினர்களாகக் கபில் சிபலும், ஹர்ஷ் வர்தனும் இருந்துள்ளனர். இருவரும் மத்திய அமைச்சர்களாகவும் இருந்தவர்கள். 2024-இல் வென்ற பிரவீண் கண்டேல்வால், அகில இந்திய வணிகர்கள் கூட்டமைப்பின் பொதுச் செயலராக அறியப்பட்டவர். ரிக்ஷாத் தொழிலாளியோ பெரும்பாலும் பிகாரையோ, உத்தரப் பிரதேசத்தையோ, மேற்கு வங்கத்தையோ சேர்ந்தவர். வாக்கு ஊரில் இருக்கிறது, பிழைப்பு இங்கே. அறுவடைக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போய்த் திரும்புபவரைத் தேடித் தேர்தல் நேரத்தில்கூட யாரும் வருவதில்லை.

ஊர்வலங்களுக்கு வழிவிடுவது இவ்வீதிக்குப் பழக்கமானது. ஜைனர்களின் லால் மந்திர், கௌரி சங்கர் கோயில், கிறிஸ்தவ ஆலயம், குரு தேக் பகதூர் 1675-இல் உயிர்நீத்த இடத்தில் எழுந்த சீஸ் கஞ்ச் குருத்வாரா, சுனேரி மசூதி, ஃபதேபுரி மசூதி என இந்தக் குறுகிய தூரத்துக்குள் அத்தனை வழிபாட்டுத் தலங்கள். குருபுரப் நகர் கீர்த்தனைக்கும், ராம்லீலா சவாரிக்கும், மகாவீர் ஜெயந்திக்கும் கடைக்காரர்கள் முணுமுணுக்காமல் ஒதுங்கி நிற்கின்றனர். அதே வீதியில் அன்றாடம் நடப்பவர்களுக்காக ஒதுங்கச் சொன்னால்தான் தகராறு.

கட்டுப்பாடு காகிதத்தில் உறுதியாகவே இருக்கிறது. போலீஸ்காரர் தலை மறைந்ததும் ஸ்கூட்டர்கள் சந்துகளிலிருந்து நழுவி முதன்மைச் சாலைக்கு வந்துவிடும். குறுந்தூண் ஒன்று உடைந்தால், அந்த இடைவெளி மறுநாளே ஒரு பாதை. கேட்பார் இல்லாத நேரத்தில் நடைபாதை மீண்டும் சரக்கு வைக்கும் இடமாகிறது.

இரவு 9 மணி ஆனதும் தடுப்பு விலகுகிறது. காரி பாவ்லி மசாலாச் சந்தைக்கு மூட்டைகள் ஏற்றிய வண்டிகள் ஃபதேபுரி பக்கம் வரிசையாக நுழைகின்றன. பகல் முழுவதும் மிதித்தவர்கள் ரிக்ஷாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, சவாரி அமரும் இருக்கையிலேயே கால்களை மடக்கிக்கொண்டு படுக்கின்றனர். சீரமைப்பில் அவர்களுக்கென வண்டி நிறுத்துமிடமோ, படுக்க ஒரு கூரையோ கட்டப்படவில்லை.