கூரியாட்டில் சரிந்தது சுவரா, நிலமா?

2025 மே 19. கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் இருக்கும் கூரியாடு. தென்மேற்குப் பருவமழை தொடங்க இன்னும் 5 நாள்கள் இருந்தன. ஆறு வழிச் சாலையாக அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்த தேசிய நெடுஞ்சாலை 66-ல், வயல்வெளிக்கு நடுவே உயரமாக எழுப்பியிருந்த சாலை பக்கச்சுவரோடு சரிந்து விழுந்தது. கீழே சர்வீஸ் ரோட்டில் போய்க்கொண்டிருந்த கார்கள் சிக்கிக்கொண்டன. உள்ளே இருந்தவர்கள் காயங்களோடு தப்பினார்கள்.

டி.வி-யில் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, ‘இத்தனை பெரிய கான்கிரீட் சுவர் எப்படி விழும்?’ என்பதுதான். ஆனால் அது கான்கிரீட் சுவரே இல்லை. மண் சுவர். கான்கிரீட் அதற்குப் போட்ட சட்டை, அவ்வளவுதான்.

இந்தச் சுவரை நீங்களும் தினமும் பார்க்கிறீர்கள். பைபாஸ் சாலையில் மேம்பாலத்துக்கு ஏறுகிற இடத்தில், இரண்டு பக்கமும் சதுரமாகவோ சிலுவை வடிவிலோ கான்கிரீட் பலகைகளை அடுக்கியிருப்பார்களே, அதேதான். வேலை செய்கிறவர்கள் ‘ஆர்.இ. வால்’ என்பார்கள். வலுவூட்டிய மண் சுவர். அந்தப் பலகைகளின் கனம் பெரும்பாலும் 14 முதல் 18 சென்டிமீட்டர்தான். மூன்று மாடி உயரத்துக்குக் குவித்த மண்ணைத் தள்ளிப் பிடிக்க அது எந்த மூலைக்கு?

ரகசியம் பலகைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. ஒவ்வொரு பலகையின் முதுகிலிருந்தும் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டைகளோ, பாலிமர் பட்டைகளோ, வலைகளோ மண்ணுக்குள் நீளமாகப் போகின்றன. சுவரின் உயரம் 10 மீட்டர் என்றால், பட்டை குறைந்தது 7 மீட்டராவது உள்ளே போக வேண்டும். மேலே இருக்கும் மண் அந்தப் பட்டையை அழுத்துகிறது. அழுத்தம் கூடக்கூட உராய்வு கூடுகிறது. பட்டையை உருவ முடியாது. வெளியே சரியப் பார்க்கும் மண்ணை, உள்ளே இருக்கும் மண்ணே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது.

நம்பிக்கை வரவில்லையா? வீட்டில் குழந்தைகளோடு செய்து பாருங்கள். லேசாக ஈரமான மணலை ஒரு டம்ளரில் அடைத்துக் கவிழ்த்து, மேலே ஒரு புத்தகத்தை வையுங்கள். உதிர்ந்துவிடும். இப்போது விரல் கனத்துக்கு ஒரு அடுக்கு மணல், அதன்மேல் வட்டமாக வெட்டிய செய்தித்தாள், மறுபடி மணல் என்று அடைத்துக் கவிழ்த்துப் பாருங்கள். முன்பைவிட அதிக எடையைத் தாங்கும்.

வைக்கோல் கலந்து மண்சுவர் வைத்த நம் தாத்தா பாட்டிகளுக்கு இது புதிதில்லை. பாக்தாத் அருகே அகர் குஃபில் 3,000 ஆண்டுகளுக்கும் மேலான செங்கல் கோபுரம் ஒன்று மிச்சமிருக்கிறது. அதன் செங்கல் அடுக்குகளுக்கு நடுவே நாணல் பாய்களை விரித்திருக்கிறார்கள். இதை நவீனப் பொறியியலாக்கியவர் ஆன்ரி விடால் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். அவர் கட்டடக்கலைஞரும்கூட. 1963-ல் காப்புரிமை பெற்றார். 1965-ல் பிரான்ஸின் பைரனீஸ் மலைப்பகுதியில் பிரான்யேர் என்ற இடத்தில் முதல் சுவர் எழுந்தது. 1972-ல் அமெரிக்கா போய்விட்டது, கலிஃபோர்னியாவின் மலைச்சாலை ஒன்றுக்கு.

கேரளாவுக்கு இது ஏன் இத்தனை தேவைப்பட்டது? நிலம்தான் காரணம். 8 மீட்டர் உயரத்துக்குச் சாதாரணமாக மண்கரை போட்டால், சரிவுக்காக மட்டும் பக்கத்துக்கு 16 மீட்டர், ஆக 32 மீட்டர் கூடுதல் இடம் வேண்டும். கேரளாவில் இந்தச் சாலைக்குக் கிடைத்த மொத்த அகலமே 45 மீட்டர். அதில் ஆறு வழிச் சாலையும் வர வேண்டும், சர்வீஸ் ரோடும் வர வேண்டும். வீட்டோடு வீடு ஒட்டிக்கிடக்கும் ஊர்களில் நேர்குத்தாக நிற்கும் சுவர் தவிர, மண்ணை வைத்து வேறு வழியில்லை. தூண்களில் நிற்கும் மேம்பாலம் கட்டலாம். செலவு எங்கேயோ போய்விடும்.

சுவர் கட்டுகிற வேலை பார்ப்பதற்கு எளிது, பொறுமை மட்டும் நிறைய வேண்டும். மெல்லிய கான்கிரீட் பட்டியின்மேல் முதல் வரிசைப் பலகைகளை நிறுத்தி, மர ஆப்பு வைத்து, லேசாக உள்பக்கம் சாய்த்து வைப்பார்கள். பின்னால் மண்ணை இறுக்கும்போது அது வெளியே தள்ளப்பட்டு நேராகிவிடும் என்ற கணக்கு. பிறகு 20 சென்டிமீட்டர் அளவுக்கு மண் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, பட்டையை விரித்து, மறுபடி மண். பெரிய ரோலரைப் பலகைக்கு ஒன்றரை மீட்டருக்குள் விடக் கூடாது. சுவர் வயிறு தள்ளிவிடும். அந்த ஓரத்தைச் சின்ன மெஷினால்தான் இறுக்க வேண்டும். அலுப்பான வேலை. அவசரக்காரர்கள் கைவைக்கிற இடமும் இதுதான்.

எந்த மண் என்பதும் முக்கியம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2014-ல் இந்தச் சுவர்களுக்கென்றே தனி வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது. சொரசொரப்பான, தண்ணீர் தங்காத மண்தான் வேண்டும். அள்ளினால் கையில் ஒட்டும் களிமண் ஆகாது. மழையில் ஊறிய களிமண் பட்டையின் பிடியை நழுவவிட்டு, தன் எடையோடு தண்ணீரின் எடையையும் சேர்த்துப் பலகையைத் தள்ளும். அதனால்தான் பலகைக்குப் பின்னால் சுமார் 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஜல்லி நிரப்புகிறார்கள். பலகைகளின் இடுக்கில் துணி போன்ற வடிகட்டியை ஒட்டுகிறார்கள். தண்ணீர் வெளியே போகலாம், மண் போகக் கூடாது.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இந்தச் சுவர் எதன்மேல் நிற்கிறது?

இறுக்கிய மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2 டன் எடை. 10 மீட்டர் உயரத்துக்கு எழுப்பினால், அடியில் இருக்கும் ஒவ்வொரு சதுர மீட்டர் நிலமும் 20 டன் சுமக்கிறது. செம்மண் மேட்டுக்கு இது பெரிய விஷயமில்லை. நெல்வயலுக்கு? சேற்று வயலில் இறங்கி நடந்தவர்களுக்குத் தெரியும்: கால் உள்ளே போகும், பக்கத்தில் சேறு பிதுங்கி எழும். உயர்ந்த சுவருக்கு அடியிலும் அதேதான் நடக்கிறது. சுவரில் ஒரு பட்டைகூட அறுந்திருக்காது. ஆனால் நிலம் வழுக்கிப் போக, அதோடு சுவரும் போய்விடும்.

கூரியாட்டைப் பற்றி தேசிய நெடுஞ்சாலை ஆணையம் தந்த முதல்கட்ட விளக்கம் இதைத்தான் சொன்னது. வயலின் அடிமண்ணால் உயரமான கரையின் எடையைத் தாங்க முடியாமல் போயிருக்கலாம் என்றது.

இதற்கு வைத்தியம் இல்லாமல் இல்லை. சேற்று மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு நல்ல மண் போடலாம். ஜல்லித் தூண்களை நிலத்துக்குள் இறக்கலாம். களிமண்ணில் செங்குத்தாக வடிகால் பட்டைகளைச் செருகி, மேலே பாரம் ஏற்றி, தண்ணீர் கசிந்து மண் இறுகும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், எங்கே என்ன மண் இருக்கிறது என்று ஆழ்துளை போட்டுப் பார்க்க வேண்டும். கெடுவைத்து ஓடும் திட்டங்களில் காத்திருப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

கூரியாட்டில் சரிந்த இடத்தில் மறுபடி மண் சுவர் வேண்டாம் என்று முடிவானது. தூண்களின் மேல் பாலம்; செலவு ஒப்பந்த நிறுவனத்துடையது. ஆரம்பத்தில் ‘செலவு எங்கேயோ போய்விடும்’ என்று ஒதுக்கப்படும் அதே பாலம்.

இதற்காக எல்லாச் சுவர்களையும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. 1995-ல் ஜப்பானின் கோபே நகரத்தை நிலநடுக்கம் உலுக்கியபோது, பழைய கற்சுவர்களும் கான்கிரீட் சுவர்களும் பல இடங்களில் விழ, வலுவூட்டிய மண் சுவர்கள் பெரும்பாலும் நின்றன. கொஞ்சம் வளைந்து கொடுக்கும் குணம் அவற்றுக்கு உண்டு.

ஆனால் சுவரின் அடியில் கடை வைத்திருப்பவர்களும், தினமும் சர்வீஸ் ரோட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறவர்களும் சிலவற்றைக் கவனிக்கலாம். பலகைகளின் வரிசை ஓரிடத்தில் வயிறு தள்ளியிருக்கிறதா? இடுக்குகள் அகன்று, மழைக்குப் பிறகு கீழே மண் கொட்டிக்கிடக்கிறதா? மேலே சாலையில் சுவருக்கு இணையாக நீளமான விரிசல் ஓடுகிறதா? வயல் ஓரமென்றால், சர்வீஸ் ரோடோ பக்கத்து நிலமோ திடீரென உப்பி எழும்பியிருக்கிறதா? கடைசியாகச் சொன்னது தெரிந்தால், உடனே அங்கிருந்து விலகிவிடுங்கள். பிறகு தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அழையுங்கள். கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணையும் சொல்லுங்கள்.